கொழும்பில் நீரிழிவுச் செயலி ஆய்வு: எந்தக் கடிதம் முதலில், எந்தக் கடிதம் பிறகு

நீரிழிவு நோயாளருக்கு ஒரு கைபேசிச் செயலியோ குறுஞ்செய்தித் திட்டமோ செய்து, அதனால் சீனி உண்மையில் குறைகிறதா என்று கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதுமாணி ஆய்வுக்கு வருபவர்கள், கிளினிக்கில் வேலை செய்யும் இளம் டொக்டர்மார், தாதியர், கொம்பனியில் மென்பொருள் எழுதிக்கொண்டே சுகாதாரத் துறைக்குள் கால் வைக்கும் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பொருந்தும். ஃபைலும் கையுமாக, மருத்துவ பீடம் இருக்கும் கின்சி வீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் அலைந்த காலத்தில், எது முதல் எது பிறகு என்பதை யாராவது தமிழில் எழுதி வைத்திருக்கக்கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதலே ஒன்று. செயலி எழுதுவதுதான் இதில் ஆகச் சின்ன வேலை. காலம் போவது அனுமதிகளில், காசு போவது இரத்தப் பரிசோதனையில். இந்த இரண்டையும் கணக்குப் பார்த்த பிறகு கணினியைத் திறந்தால் போதும்.

1. முதலில் கிளினிக்கில் போய் இருந்து பாருங்கள்

கொன்சல்டனிடம் வாய்மொழியாகவாவது கேட்டுவிட்டு, இரண்டு மூன்று கிளினிக் நாட்கள் ஒரு மூலையில் இருங்கள். யாரிடமும் தகவல் எடுக்க வேண்டாம். அனுமதி கிடைக்கும்வரை எடுக்கவும் கூடாது. பார்த்தால் போதும்.

நம்பர் எடுக்க விடியமுன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பார்கள். பிறகு கொண்டுவந்த பாணையோ இடியப்பத்தையோ சாப்பிடுவார்கள், டொக்டரைப் பார்ப்பார்கள், கடைசியில் மருந்து வரிசை. இந்த ஒழுங்கு தெரியாமல் காலையிலேயே சம்மதப் படிவத்தை நீட்டினால், பசியோடு நிற்கும் மனிதர் "பிறகு பார்ப்பம்" என்பார். அவரை அந்த ஆய்வில் பிறகு நீங்கள் காணப்போவதில்லை. இன்சுலின் போடுபவர்களைச் சாப்பிட விடாமல் கதையில் இழுத்து வைப்பது ஆபத்தும்கூட. மருந்து வரிசைதான் நல்ல இடம். அங்கே நேரமும் உண்டு, பக்கத்தில் நிற்பவரும் ஆர்வமாகக் காதுகொடுப்பார்.

போனையும் கவனியுங்கள். யாருடைய கையில் இருக்கிறது, பட்டன் போனா, ஸ்மார்ட் போனா, அல்லது அது வேலைக்குப் போயிருக்கும் மகனுடைய போனா? கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் வரும் வயதானவர்கள் பலர் தரும் இலக்கம் பிள்ளையினுடையதாகவே இருக்கும். வெள்ளவத்தை ஆட்களிடம் நல்ல போன் இருக்கும், ஆனால் அதை இயக்குவது பேரப்பிள்ளை. இதைக் கண்ட பிறகும் வரைபடங்கள் நிறைந்த பெரிய செயலிதான் வேண்டும் என்றால் செய்யுங்கள். குறுஞ்செய்தியும் பதிவுசெய்த குரலும் போதும் என்ற முடிவுக்கு வந்தால் உங்களுக்குப் பாதிக் காலம் மிச்சம்.

2. கேள்வியைச் சுருக்கி ஆட்கணக்கைப் போடுங்கள்

"செயலி நீரிழிவைக் கட்டுப்படுத்துமா?" என்பது ஆய்வுக் கேள்வி அல்ல. யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, எதோடு ஒப்பிட்டு, எந்த அளவு மாறினால் மாற்றம் என்று கொள்வீர்கள் என்பதெல்லாம் ஒரே வசனத்தில் வரவேண்டும்.

ஆட்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதானால், 16ஐ நியம விலகலின் (ஆட்களின் அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் கணக்கு) வர்க்கத்தால் பெருக்கி, எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையில் 0.5 சதவீதப் புள்ளி குறைந்தால் டொக்டர்மார் அதைப் பொருட்படுத்துவார்கள். நியம விலகல் 1.5 என்று வைத்தால் 16 × 2.25 ÷ 0.25, அதாவது ஒரு குழுவுக்கு 144 பேர். ஐந்தில் ஒருவர் இடையில் விட்டுப்போவார் என்று எடுத்தால் 180. இரண்டு குழுவும் சேர 360 பேர். தொடக்கத்திலும் முடிவிலும் என்று ஆளுக்கு இரண்டு எச்பிஏ1சி பார்த்தால் 720 பரிசோதனைகள்.

இந்த 720ஐ ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் விலையால் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். உங்களிடம் நிதி இல்லையென்றால், "பலன் தருமா" என்பதை விட்டுவிட்டு "இங்கே நடத்த முடியுமா, ஆட்கள் பயன்படுத்துவார்களா" என்று கேளுங்கள். அதற்கு 40, 50 பேர் போதும். அப்படிச் செய்வதில் வெட்கமில்லை. 50 பேரை வைத்துக்கொண்டு எச்பிஏ1சி குறைந்தது என்று முடிவுகட்டுவதில்தான் வெட்கம்.

3. ஆட்களும் கடிதங்களும்

நீங்கள் மருத்துவர் இல்லையென்றால், அந்தக் கிளினிக்குக்குப் பொறுப்பான கொன்சல்டன் உங்கள் ஆய்வில் இணை ஆய்வாளராக இருக்கவேண்டும். வெறும் "ஆதரவுக் கடிதம்" போதாது. நோயாளிக்கு ஏதாவது நடந்தால் பொறுப்பெடுக்க ஒரு மருத்துவர் வேண்டுமல்லவா?

கடிதங்களை நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது: கொன்சல்டனின் இணக்கம், பல்கலைக்கழக மேற்பார்வையாளரின் கடிதம், ஆய்வு நோயாளிக்குத் தீங்கில்லாததா என்று பார்க்கும் அறநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி, கடைசியாக ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் அனுமதி. பணிப்பாளர் அலுவலகம் பொதுவாக அறநெறி அனுமதியைக் கேட்கும். சில அறநெறிக் குழுக்களோ பணிப்பாளரின் இணக்கத்தை முதலில் கேட்கும். கோழியா முட்டையா என்று நிற்காமல், பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, "அறநெறி அனுமதி கிடைத்தால் ஆட்சேபணை இல்லை" என்ற ஒரு வரியை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் பெயருக்கு எழுதாதீர்கள், பதவிக்கு எழுதுங்கள். இடமாற்றம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். நான் கொடுத்த ஃபைல் ஒன்று ஓர் அலுவலகத்தில் எங்கே போனதென்றே தெரியாமல் போனபோது, என்னைக் காப்பாற்றியது அந்த முத்திரை விழுந்த போட்டோகொப்பிதான்.

4. அறநெறிக் குழு: அதிக நேரம் போகும் இடம்

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு ஒரு குழு, தேசிய வைத்தியசாலைக்கு ஒன்று, இலங்கை மருத்துவ சங்கத்துக்கு ஒன்று என்று பல குழுக்கள் உள்ளன. எதற்குப் போவது என்பது நீங்கள் எங்கே பதிவாகியிருக்கிறீர்கள், எந்த ஆஸ்பத்திரியில் ஆய்வு என்பதைப் பொறுத்தது. விண்ணப்பிக்க முன்பே ஆஸ்பத்திரியிடம் கேளுங்கள்: "பல்கலைக்கழகக் குழுவின் அனுமதியை ஏற்பீர்களா, உங்கள் குழுவுக்கும் தனியாக வரவேண்டுமா?" இரண்டு குழு என்றால் இரண்டு மடங்கு காலம்.

குழு வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூட்டத்துக்கு முன் ஒரு கடைசி நாள் இருக்கும். அதை ஒரு நாள் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். கேள்விகள் வரும், திருத்திக் கொடுப்பீர்கள், மறுபடி ஒரு கூட்டம். இரண்டு மூன்று மாதத்தை ஒதுக்கிவிட்டுத் திட்டமிடுங்கள். கட்டணம் மாணவருக்கு ஒன்று, நிதி பெற்ற ஆய்வுக்கு வேறு. கட்டிய ரசீதை விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டும்.

கையில் இருக்கவேண்டியவை: ஆய்வு முன்மொழிவு, எல்லா ஆய்வாளரின் சுயவிபரம், தகவல் தாளும் சம்மதப் படிவமும் மும்மொழியில், கேள்விக்கொத்து மும்மொழியில், செயலியின் ஒவ்வொரு திரையின் படம், அனுப்பப்போகும் ஒவ்வொரு குறுஞ்செய்தியின் வாசகம், வரவுசெலவு, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் (ஜிசிபி) பயிற்சிச் சான்றிதழ். கடைசியில் சொன்னதைக் காசு கொடுத்துப் படிக்கத் தேவையில்லை. குளோபல் ஹெல்த் நெட்வேர்க் தளத்தில் இலவசமாக இணையத்திலேயே முடிக்கலாம். குழு எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் சர்வதேச வழிகாட்டியின் புதிய பதிப்பு 2025 ஜனவரியில் வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒருவர் தமிழுக்குக் கொண்டுவர, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடும் முறையைக் குழு கேட்கும். சிங்களத்துக்கும் அதே. பக்கக் கணக்கில் காசு கேட்பார்கள் என்பதால் கேள்விக்கொத்தை மெலிதாக்கிவிட்டுக் கொடுங்கள். கொழும்பில் இன்னொரு சிக்கல்: வீட்டில் தமிழ் பேசுபவர் தமிழ் வாசிப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிங்கள மொழிமூலம் படித்தவர்களும் உண்டு, ஆங்கிலத்தில் படித்தவர்களும் உண்டு. பேசும் மொழியையும் வாசிக்கும் மொழியையும் இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்.

கேள்விக்கொத்துகளின் உரிமத்தையும் இப்போதே பாருங்கள். செயலியின் இலகுத்தன்மையை அளக்கும் எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்வி அளவுகோலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மருந்து ஒழுங்காக எடுக்கிறார்களா என்று அளக்கும் மொரிஸ்கி எட்டுக் கேள்வி அளவுகோல் அப்படியல்ல. உரிமம் இல்லாமல் பயன்படுத்தியதால் வெளிநாடுகளில் வெளியான கட்டுரைகளே திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. "எல்லாரும் பாவிக்கினம்தானே" என்று உங்கள் சீனியர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குழு கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இரவு இரண்டு மணிக்கு ஒருவர் செயலியில் சீனி 45 மி.கி./டெ.லீ. என்று பதிந்தால் யார் பார்ப்பார்கள்? 70க்குக் கீழே போனாலே தாழ்சீனி, 54க்குக் கீழே போனால் உடனடி ஆபத்து. யாரும் இருபத்துநான்கு மணிநேரமும் பார்க்கப்போவதில்லை என்றால் அதைத் தகவல் தாளிலும் செயலியின் முதல் திரையிலும் பெரிய எழுத்தில் சொல்லுங்கள். 70க்குக் குறைவாகப் பதிந்தவுடன் செயலி தானாகவே காட்டவேண்டியது: 15 கிராம் சீனிச்சத்து உடனே எடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், நினைவிழந்து கிடந்தால் வீட்டார் வாயில் எதையும் ஊட்டாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேண்டும். இதை முன்மொழிவிலேயே ஒரு பக்கமாக எழுதிக்கொண்டு போனால் ஒரு சுற்றுக் கேள்வி குறையும்.

அனுமதி வருமுன் ஒரே ஒரு ஆளிடமும் தரவு எடுக்கவேண்டாம். பின்திகதியிட்டு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.

5. பதிவேடும் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும்

ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குச் செயலி கொடுத்தால் அது மருத்துவப் பரீட்சார்த்தம். மாத்திரை இல்லையே, வெறும் எஸ்எம்எஸ்தானே என்ற வாதம் செல்லாது. முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு நடத்தை மாற்றத் திட்டங்களையும் இதில் சேர்க்கிறது. முதல் ஆளைச் சேர்க்கமுன் பதிவு முடிந்திருக்கவேண்டும். சேர்த்த பிறகு பதிந்தால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் தொடவே மாட்டா.

இங்கே பதிவது இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில். அதை நடத்துவது விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கை மருத்துவ சங்கம், உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பிலும் அது இருக்கிறது. அறநெறி அனுமதிக் கடிதம் கையில் இருக்கவேண்டும். கேள்விகள் வந்து போக ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தரவைப் பிறரோடு பகிர்வீர்களா என்ற கேள்வியை வெறுமையாக விடாதீர்கள். 2019 ஜனவரி முதல் ஆள் சேர்க்கும் பரீட்சார்த்தங்களுக்கு, அந்தத் திட்டம் பதிவிலேயே இருக்கவேண்டும் என்று இதழ்கள் கேட்கின்றன.

தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, அதாவது எல்லாரும் என்.எம்.ஆர்.ஏ. என்று சொல்லும் இடம், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மருத்துவக் கருவிகளையும் பார்க்கிறது. "மாத்திரை எடுங்கள்" என்று நினைவூட்டுவது ஒரு ரகம், இன்சுலின் அளவைக் கணக்கிட்டுச் சொல்வது முற்றிலும் வேறு ரகம். இரண்டாவது உங்கள் திட்டத்தில் இருந்தால் முதல் ஆய்விலேயே அதைத் தொடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் சூட்கேஸில் கொண்டுவந்த, தோலில் ஒட்டிச் சீனி அளக்கும் சென்சரை நோயாளியின் கையில் ஒட்டுவதற்கு முன்பும் இங்கே கேட்கவேண்டும்.

6. தரவும் வட்ஸ்அப்பும்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. முழுமையாக அமுலாகும் நாள் தள்ளிப்போடப்பட்டது உண்மைதான். ஆனாலும் அது இன்றே அமுலில் இருப்பதாக நினைத்தே திட்டமிடுங்கள், அறநெறிக் குழுவும் அப்படித்தான் கேட்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் ஒரு கோப்பில். சீனி அளவும் மற்றதும் இன்னொரு கோப்பில், வெறும் ஆய்வு இலக்கத்தோடு. இரண்டையும் இணைக்கும் சாவி ஒருவரிடம் மட்டும்.

வட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். குழுவில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும், யாருக்குச் சீனி வருத்தம் என்பதும் தெரிந்துவிடும். கலியாணம் பேசும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. சரி, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் வைப்போம் என்றால், உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும், ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். கிளினிக்கிலேயே அவர்கள் போனில் உங்கள் இலக்கத்தைச் சேமித்துக் காட்டாவிட்டால், செய்தி போகவில்லை என்பதே உங்களுக்குத் தெரியவராது.

7. செயலியும் குறுஞ்செய்தியும்: கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே தடவை 25 டொலர், ஆப்பிள் கணக்குக்கு வருடம் 99 டொலர். ஐபோனை முதல் ஆய்வில் விட்டுவிடலாம், கிளினிக்கைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பிளே ஸ்டோரில் ஒரு பொறி இருக்கிறது: 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், குறைந்தது 12 பேர் 14 நாட்கள் தொடர்ச்சியாகப் பரீட்சித்த பிறகுதான் செயலியைப் பொதுவில் விடக் கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரில் நிறுவனக் கணக்கு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் சுகாதாரச் செயலிக்கான அறிவிப்புப் படிவமும் கேட்பார்கள்.

குறுஞ்செய்தியில் அடிபடுவது தமிழர்களும் சிங்களவர்களும்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, யூனிகோடில் 70 மட்டும். 70ஐத் தாண்டினால் துண்டுக்கு 67. உயிர்மெய் எழுத்துகள் பல இரண்டு இடம் பிடிக்கும், புள்ளியும் ஓர் இடம். ஆக ஒரு துண்டுக்குள் ஏறத்தாழ நாற்பது தமிழ் எழுத்துத்தான் அடங்கும். 180 பேருக்கு வாரம் இரண்டு வீதம் ஆறு மாதம் அனுப்பினால் 9,360 செய்திகள். ஒவ்வொன்றும் மூன்று துண்டானால் 28,080க்குக் காசு கட்டவேண்டும். தொலைபேசிக் கொம்பனியிடம் விலை கேட்கும்போது "செய்திக்கா, துண்டுக்கா" என்று கேளுங்கள். இலக்கத்துக்குப் பதிலாக ஆய்வின் பெயர் தெரிய வேண்டுமென்றால் மாஸ்க் எடுக்கவேண்டும். அதற்கும் நிறுவனக் கடிதமும் சில வாரங்களும் தேவை. மாஸ்க் இல்லாமல் தெரியாத இலக்கத்திலிருந்து "உங்கள் மருந்து" என்று செய்தி போனால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

8. அளக்கும் விதம்

குளுக்கோமீட்டர் கொடுப்பதானால், பெட்டியைப் பிரித்தவுடன் திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். மு.ப., பி.ப. மாறியிருந்தால் வெறும் வயிற்றுச் சீனி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்ததாகப் பதியும், பிறகு திருத்தவே முடியாது. அலகு மி.கி./டெ.லீ. ஆக இருக்கிறதா பாருங்கள். மில்லிமோல் வந்தால் 18ஆல் பெருக்கவேண்டும். ஸ்ட்ரிப் செலவு மீட்டரை விடப் பெரியது: நாளுக்கு ஒன்று வீதம் மூன்று மாதமென்றால் ஆளுக்கு 90, வீணாவதற்கு இன்னும் பத்து.

கையால் பதியும் அளவுகளை நம்பிவிடாதீர்கள். கிளினிக்குக்கு முதல் நாள் இரவு ஒரு மாத அளவுகளையும் ஒரே மூச்சில் எழுதுவது மனித சுபாவம். எல்லாம் 110, 120, 130 என்று வட்டமாக இருந்தால் மீட்டரின் நினைவகத்தோடு ஒப்பிடுங்கள். அதற்காக நோயாளியைக் குற்றவாளிபோல நடத்த வேண்டாம். டொக்டரிடம் பேச்சு வாங்குவோமே என்ற பயத்தில் செய்கிறார்கள்.

மீட்டர் என்பது ஆய்வுகூடமல்ல. சர்வதேசத் தர விதியே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை விலக இடம் தருகிறது. உண்மையில் 200 உள்ளவருக்கு 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். தோலில் ஒட்டும் சென்சர் இன்னொரு விதம். அது அளப்பது இரத்தத்தையல்ல, தோலின் கீழுள்ள திரவத்தை. சீனி வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பிந்தியே காட்டும். சென்சர் வைத்து ஆய்வு செய்தால் 14 நாள் தரவில் குறைந்தது 70 சதவீதமாவது இருக்கவேண்டும், 70க்கும் 180க்கும் இடையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதே முக்கிய அளவு.

முடிவைத் தீர்மானிப்பது எச்பிஏ1சிதான் என்றால், ஒரே ஆய்வுகூடம், ஒரே முறை, தொடக்கம் முதல் கடைசி வரை. இடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று மாறாதீர்கள். இரத்தச்சோகை, தலசீமியாக் கூறு, சிறுநீரக நோய், அண்மையில் இரத்தம் ஏற்றியது, கர்ப்பம் ஆகியவை அளவைப் பிழைக்கச் செய்யும். சேர்க்கும்போதே கேட்டு விலக்குங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் மருந்தை மாற்றினாரா என்று கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் இன்சுலின் குறைத்த சீனியை உங்கள் செயலி குறைத்ததாக எழுதிவிடுவீர்கள்.

9. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்வது. எனவே இரண்டாவது பரிசோதனை 12 வாரத்துக்கு முன் வரக்கூடாது. அந்த நாளை முதலில் குறியுங்கள், அங்கிருந்து பின்னுக்கு வாருங்கள். ஆள் சேர்ப்பு மூன்று மாதம், பதிவேடு ஒரு மாதம், அறநெறி மூன்று மாதம், மொழிபெயர்ப்பும் முன்மொழிவும் இரண்டு மாதம், முன்னோட்டம் ஒரு மாதம். ஆறு மாதப் பின்தொடர்வென்றால் மொத்தம் பதினாறு மாதத்துக்குக் குறையாது.

நோன்பு மாதத்தைக் கட்டாயம் குறியுங்கள். கொழும்புக் கிளினிக்குகளில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறையப் பேர். அந்த மாதத்தில் சாப்பாட்டு நேரம் மாறும், டொக்டர் மருந்து நேரத்தையும் மாற்றியிருப்பார். நோன்போடு இருக்கும் நானாவுக்குப் பகல் ஒரு மணிக்கு "மதிய உணவில் பாதித் தட்டு மரக்கறி" என்று செய்தி போனால் உங்கள் ஆய்வின் மதிப்பு அன்றோடு சரி. நோன்புக்கென்று தனிச் செய்தித் தொகுதி வையுங்கள், அல்லது அந்த மாதம் தொடங்கமுன் முடியும்படி திட்டமிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, வெசாக் காலங்களில் கிளினிக் கலைந்துபோகும். போயா நாள் கிளினிக் நாளாக வந்தால் அன்றைய ஆட்கள் வேறு வேறு நாட்களுக்குச் சிதறுவார்கள்.

10. ஆட்களை இழக்காமல் வைத்திருத்தல்

இணையவழிச் சுகாதார ஆய்வுகளில் ஆட்கள் கழன்றுபோவதைப் பற்றி ஐசன்பாக் என்ற மின்சுகாதார ஆய்வாளர் 2005இல் எழுதியது இன்றும் பொருந்தும்: ஆய்விலிருந்து விலகுவது ஒன்று, ஆய்வில் இருந்துகொண்டே செயலியைத் திறக்காமல் விடுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். யார் கடைசியாக எப்போது திறந்தார் என்ற பதிவு முதல் நாளிலிருந்தே சேவரில் இருக்கவேண்டும்.

சேர்க்கும்போது இரண்டு இலக்கம் வாங்குங்கள், இரண்டாவது வீட்டாருடையது, நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு. பின்தொடர்வுப் பரிசோதனையைக் கிளினிக் நாளிலேயே வையுங்கள், அதற்கென்று தனியாக வரச்சொன்னால் வரமாட்டார்கள். பஸ் காசும் டேட்டா ரீலோடும் கொடுக்கலாம், தொகை அறநெறி விண்ணப்பத்தில் இருந்ததாக மட்டும் இருக்கட்டும். கிளினிக் மிஸ்மாரோடு முகம் கொடுத்துப் பழகுங்கள். யார் ஊருக்குப் போனார், யார் வார்டில் இருக்கிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

செயலி கிடைத்த குழுவும் கிடைக்காத குழுவும் ஒரே வரிசையில் நின்று போனைக் காட்டிக் கதைப்பார்கள். தடுக்க முடியாது. இரண்டு குழுக்களையும் வேறு வேறு கிளினிக் நாட்களிலிருந்து எடுப்பது உதவும், ஆனால் அப்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கிப் பிரித்ததாக எழுத முடியாது, ஆட்கணக்கும் கூடும். இதைத் தொடங்க முன்பே புள்ளிவிபரம் தெரிந்தவரோடு பேசி முடிவெடுங்கள்.

11. முடிக்கும்போது

கட்டுரை எழுதும்போது, பரீட்சார்த்தக் கட்டுரையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்லும் கொன்சோர்ட் பட்டியலின் 2025 பதிப்பையும், மின்சுகாதாரத்துக்கான அதன் இணைப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலகியவர்களையும் சேர்த்தே பகுப்பாய்வு செய்யுங்கள். அறநெறிக் குழுவுக்கு நிறைவு அறிக்கை கொடுக்கவேண்டும். அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்கே செல்லும் என்பதால், வேலை இழுபட்டால் காலாவதியாகமுன் நீடிப்புக் கேளுங்கள்.

செய்திச் சேவையைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் வாரம் இரண்டுமுறை வந்த செய்தி திடீரென்று நின்றால், தங்களில் ஏதோ பிழை என்று நினைத்துக் கிளினிக்கில் வந்து கேட்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரம் முன்பே ஒன்று, கடைசி நாளில் ஒன்று என்று அனுப்புங்கள்: ஆய்வு முடிகிறது, கிளினிக்குக்கு வழமைபோல வாருங்கள், மருந்தை நிறுத்தவேண்டாம், அவசரத்துக்கு 1990. செயலி சேவரை அணைக்கமுன் அவரவர் அளவுகளை அச்சிட்டுக் கொடுங்கள். எச்பிஏ1சி அறிக்கைகளின் பிரதியை உங்கள் ஃபைலில் பூட்டி வைப்பதோடு நிற்காமல் ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் டொக்டர் திறந்து பார்ப்பது அந்தக் கொப்பியைத்தான்.